சனிக்கிழமை ஊர்கள்

செப்டம்பர் 4, புதன். கொலம்பஸ், ஒஹாயோ

கோயமுத்தூரில் ஏறி, மூன்று விமானம் மாறி, வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. தபால் ஆபீசில் முப்பத்தோரு வருடம் தேதி முத்திரை குத்திய கை இது. எந்த ஊரில் இருந்தாலும் தேதி போட்டு நாலு வரி எழுதாமல் தூக்கம் வராது.

மாப்பிள்ளை கிருபாகரன் பூங்கொத்தோடு வந்து காத்திருந்தார். சாரு வரவில்லை.

“நேத்துத்தானுங்கத்தை கிளம்புனா. ஏதோ ஒரு ஆஸ்பத்திரில அவசரமுன்னு கூப்பிட்டுட்டாங்க. பத்து நாள்ல வந்துருவா.”

ஆஸ்பத்திரிகளுக்குப் போய் அங்கே இருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வேலை அவளுக்கு. ஊர் ஊராகப் போகிறவள்தான். எனக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியது மாப்பிள்ளை. “சாருகிட்டச் சொல்லாதீங்க, திடீர்னு பாத்து சந்தோஷப்படட்டும்” என்று சொல்லியிருந்தார். கொஞ்சம் ஏமாற்றம்தான். வீட்டுக்கு வந்ததும் அவளிடமிருந்து செய்தி வந்துவிட்டது. “அம்மா நல்லபடியா வந்து சேந்தீங்களா, சாப்டீங்களா.”

முன்பெல்லாம் தமிழ் எழுத்திலேயே அனுப்புவாள். ஒரு மாதமாக ஆங்கில எழுத்தில் தமிழ். பேசுவதும் இல்லை, வெறும் செய்திதான். வேலை மும்முரம். என்னை ‘நீ வா போ’ என்பவள், இப்போது ‘ங்க’ போடுகிறாள். முப்பது வயதில் மரியாதை வந்திருக்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வசதியான வீடு. மாடியில் குளியலறைக் கதவு மட்டும் புதிது. மற்றக் கதவுகள் எல்லாம் மங்கிய வெள்ளை, இது மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை.

ஜன்னலோரம் சாரு வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டி. செடி காய்ந்து, மண் கல்லாகக் கிடக்கிறது. ஒரு மாதமாவது தண்ணீர் பார்த்திருக்காது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், உள்ளே இறங்கவே இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பாஸ்போர்ட்டை மாப்பிள்ளை வாங்கி வைத்துக்கொண்டார். தொலைந்தால் வம்பு. இந்த ஊர் சிம் போட்ட போனும் கொடுத்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

செப்டம்பர் 9, திங்கள்

முருங்கைக்காய் சாம்பார். மாப்பிள்ளை மேசையில் மூன்று தட்டு வைத்தார்.

செப்டம்பர் 11, புதன்

“சும்மா வீட்டுலயே உக்காந்துட்டு என்னுங்கத்தை பண்றீங்க? ஊரெல்லாம் சுத்திக் காட்டறேன் வாங்க. இது புட்பால் சீசன். காலேஜ் இருக்கற ஊரெல்லாம் சனிக்கிழமையானா தேர்த் திருவிழா மாதிரி இருக்கும். சாருவும் அந்தப் பக்கம்தான் வேலையா இருக்கா. வழியில சேந்துக்குவா.”

இது நம் ஊர்க் கால்பந்து இல்லை என்று விளக்கினார். முட்டை வடிவப் பந்து. கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். ஆடுவது கல்லூரிப் பிள்ளைகள்தான். ஆட்டத்தை நான்கு பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்கு மேல் எனக்குப் புரியவில்லை.

சாரு செய்தி அனுப்பினாள்: “போங்க அம்மா. அவர் கூட போங்க. நான் வந்துடறேன்.”

செப்டம்பர் 14, சனி. ஆன் ஆர்பர், மிச்சிகன்

இன்று நான் கண்டதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

காலை ஒன்பது மணிக்கே தெருவெல்லாம் மஞ்சளும் நீலமும். கைக்குழந்தைக்கும் மஞ்சள் சட்டை, நாய்க்கும் மஞ்சள் சட்டை. காரின் பின்கதவைத் திறந்து வைத்து அங்கேயே அடுப்பு மூட்டிக் கறி சுடுகிறார்கள். மைதானம் வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. வாசலுக்குள் நுழைந்ததும் கால் கூசியது. தரைக்குக் கீழே தோண்டி இறக்கியிருக்கிறார்கள், பெரிய கிணறு மாதிரி. கிணற்றின் சுவர் முழுக்க மனிதர்கள். ஒரு லட்சம் பேராம். எங்கள் தாராபுரத்தையும் சுற்றுப்பட்ட ஊர்களையும் சேர்த்துக் கொட்டினாலும் இடம் மிஞ்சும்.

மாப்பிள்ளை மூன்று டிக்கெட் எடுத்திருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு இடம். அதில் சாருவுடைய நீல ஸ்வெட்டரை மடித்து வைத்தார். பக்கத்தில் ஒரு பெரியவர், அங்கே யாரும் வரவில்லையா என்று கேட்டார். “என் மனைவி வந்துகொண்டிருக்கிறாள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு லட்சம் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் அந்த ஒரு முழம் பலகை மட்டும் ஆட்டம் முடியும்வரை காலியாகவே கிடந்தது. எனக்குப் பந்தைப் பார்க்கவே தோன்றவில்லை.

மைதான வாசலில், ஊர்ப்பெயர் தெரிகிற மாதிரி நிறுத்திப் படம் எடுத்தார். “சிரிங்கத்தை. இன்னுங் கொஞ்சம்.”

செப்டம்பர் 15, ஞாயிறு

திரும்பும் வழியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எதிரே காரை நிறுத்தினார். சாருவோடு வேலை பார்த்த பெண் அங்கே குடியிருக்கிறாளாம். போய்ப் பார்ப்போமா என்றேன். “வேண்டாமுங்க. இங்கிருந்தே பாக்கலாம்.” இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யார் வந்தாலும் போனாலும் தலையைத் திருப்பிப் பார்த்தார். நான் புளிச்சோற்றைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு பருக்கை கீழே சிந்தாமல் சாப்பிட்டார்.

செப்டம்பர் 19, வியாழன்

சாருவிடம், ஒரு நிமிடம் குரலைக் கேட்டால் போதும் என்று எழுதினேன். “தொண்டை கட்டி இருக்கு அம்மா” என்று பதில். போன மாதமும் தொண்டை கட்டியிருந்தது.

செப்டம்பர் 28, சனி. மேடிசன், விஸ்கான்சின்

இரண்டு பக்கமும் ஏரி, நடுவில் ஊர். அழகான ஊர். இங்கே எல்லாரும் சிவப்பு. எனக்கும் ஒரு சிவப்பு பனியன் வாங்கிச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது பாகம் முடிந்ததும் ஒரு பாட்டுப் போட்டார்கள். மாணவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் குதிக்க ஆரம்பித்தார்கள். கான்கிரீட் கட்டடம் அது. நான் உட்கார்ந்திருந்த பலகை தொடைக்குக் கீழே நடுங்கியது. நெஞ்சுக்குள் அந்த அதிர்வு ஏறியது. மாப்பிள்ளை குதிக்கவில்லை, கத்தவில்லை. சின்ன பைனாகுலர் ஒன்றை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டத்தை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

அந்தச் சத்தம் அடங்கியதும் சாருவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: “கண்ணு, இங்க எல்லாரும் குதிக்கறாங்க.” அனுப்பின அதே நொடியில் மாப்பிள்ளையின் பைக்குள் ‘டிங்’ என்று ஒரு சத்தம். அவர் கைப்பேசி அவர் கையில் இருந்தது.

வேறு யாருடைய பையிலாவது கேட்டிருக்கும். அவ்வளவு கூட்டம்.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்று சாருவுக்குச் செய்தி அனுப்பவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

மாப்பிள்ளை குளிக்கப் போனார். பை நாற்காலியில் இருந்தது. நான் சாருவுக்கு மூன்று முறை செய்தி அனுப்பினேன். மூன்று முறையும் கேட்டது.

தோசைக்கு ஊறப்போட்டேன்.

அக்டோபர் 5, சனி

இந்த வாரம் பயணம் இல்லை. துணி மடித்துவிட்டு வந்து பார்த்தால், மாப்பிள்ளை இந்த நோட்டைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அவர் படித்ததெல்லாம் டெல்லியில். தமிழ் பேச்சு வரும், எழுத்து தெரியாது.

“என்னுங்கத்தை இவ்வளவு எழுதறீங்க?”

“பாத்த ஊரைப் பத்தித்தானுங்க.”

“எம்பேரு எதுங்க?”

மாப்பிள்ளை என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பக்கம் பக்கமாகத் திருப்பி, அதே வடிவம் எங்கெங்கே வருகிறது என்று தேடினார்.

“நெறைய எடத்துல இருக்குதுங்களே” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, நோட்டைத் திரும்பக் கொடுத்தார்.

இனி பெயர் எழுதப் போவதில்லை. மாப்பிள்ளை என்ற சொல்லையும் எழுதப் போவதில்லை.

அக்டோபர் 12, சனி. அயோவா சிட்டி

இங்கே மைதானத்தை ஒட்டி, மைதானத்தைவிட உயரமாக, குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. மேல் மாடிகளில் முழுக்கக் கண்ணாடி. முதல் பாகம் முடிந்ததும் ஆட்டம் நின்றது. எழுபதாயிரம் பேர் எழுந்து நின்று, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, அந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஆட்டக்காரப் பிள்ளைகளும்தான். கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்னக் கைகள் பதிலுக்கு அசைந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் கையைத் தூக்கினேன்.

“நல்லா ஆட்டுங்கத்தை” என்றார் அவர், கேமராவை என் பக்கம் பிடித்துக்கொண்டு. “சாரு ஆஸ்பத்திரிலதான வேலை பாக்கறா. எந்த ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருக்காளோ.”

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் கேமராவைக் கீழே இறக்கவில்லை.

“ஆட்டுங்க.”

ஆட்டினேன். கூட்டம் உட்கார்ந்த பிறகும், அவர் போதும் என்று சொல்லும்வரை, நான் ஒருத்தி மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். முன் வரிசைக் குழந்தை திரும்பி என்னையே பார்த்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

பெட்ரோல் போட இறங்கியபோது அவருடைய போனை சீட்டிலேயே விட்டுப் போனார். திரை அணையவில்லை. நான் இருக்கிற படங்கள்தான். ஆன் ஆர்பர் வாசல், மேடிசன் ஏரிக்கரை, நேற்றுக் கையாட்டியது. எல்லாவற்றையும் ஊர் உலகமே பார்க்கிற மாதிரி போட்டிருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்தில் அதே ஒரு வரி: அம்மா இங்கே உனக்காகக் காத்திருக்கிறார்.

தூண்டில் போடுகிறவனுக்குப் புழுவின் மேல் எந்தக் கோபமும் கிடையாது. அதனால்தான் என்னிடம் இவ்வளவு மரியாதை.

அக்டோபர் 16, புதன்

ரசம், உருளைக்கிழங்கு வறுவல். மூன்று தட்டு.

அக்டோபர் 18, வெள்ளி

போலீசைக் கூப்பிட எண் எனக்குத் தெரியும். என்ன சொல்வது? என்னை அவர் அடிக்கவில்லை. ஒரு வசவு கிடையாது. முட்டிவலிக்குத் தைலம் வாங்கித் தந்திருக்கிறார். மூன்று வேளையும், அத்தை சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். என் பெண் எங்கே என்று கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறாள் என்பார். அவள் செய்திகளைக் காட்டுவார்.

மாடிக்குப் போனால் அந்தப் புதுக் கதவு பக்கம் பார்க்காமல் நடக்கிறேன்.

அக்டோபர் 23, புதன்

“இந்தச் சனிக்கிழமை நெப்ராஸ்கா, லிங்கன். தூரமுங்கத்தை, நாளைக்கே கிளம்பணும்” என்றார். “செலின் வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வரலாம். நீங்கதான் போயிப் பேசணும். என்னைப் பாத்தாக் கதவத் தொறக்க மாட்டா.”

செலின் சாருவோடு கோயமுத்தூரில் ஒன்றாகப் படித்தவள். விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள். இப்போது கணவன், இரண்டு குழந்தைகளோடு லிங்கனில் இருக்கிறாள்.

செலின் வீட்டு விலாசம் அவருக்கு எப்படித் தெரியும் என்பதை நான் எழுத வேண்டும். பிப்ரவரியிலிருந்து எழுதாமல் ஒளித்து வைத்திருக்கிறேன். ஊரில் இருக்கிற நோட்டில் பிப்ரவரி ஒன்பதாம் தேதிக்கு நேரே, “வெயில் ஆரம்பித்துவிட்டது” என்று மட்டும் இருக்கும்.

அன்றைக்கு விடியற்காலையில் சாரு பேசினாள். அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

“அம்மா, நான் செலின் வீட்ல இருக்கேன். அவன்கிட்டச் சொல்லீறாத. உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்.”

என்னடி ஆச்சு, அடித்தானா என்று கேட்டேன். அடிக்கவில்லை என்றாள். பின்னே என்ன என்றேன். “சொன்னா உனக்குப் புரியாதும்மா. நான் எங்க நின்னாலும் பின்னாடி நிக்கறான். மூச்சு விட முடியல.” விலாசத்தைச் சொல்லச் சொன்னேன். ஏதாவது ஒன்று என்றால் தெரிய வேண்டாமா என்று. கதவிலக்கம், தெரு, பின்கோடு எல்லாம் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் அவர் கூப்பிட்டார். அழுதார். ஒரு ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. சின்னச் சண்டை அத்தை, கோபத்தில் போய்விட்டாள், வெளியே பனி கொட்டுகிறது, எங்கே இருக்கிறாளோ என்று பதறினார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்று நினைத்தேன். சேர்த்து வைப்பதுதான் தாய் செய்கிற வேலை என்று நினைத்தேன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு கடிதத்தை நான் ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை. அன்று கதவிலக்கம், தெரு, பின்கோடு மூன்றையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன், அவர் எழுதிக்கொள்ள வசதியாக.

மறுநாளே போய்க் கூட்டி வந்துவிட்டார். நன்றி சொல்லி எனக்குப் பட்டுப்புடவை அனுப்பினார். சாரு அதற்கப்புறம் ஆறு மாதம் என்னிடம் பேசிய ஒவ்வொரு முறையும், “நல்லாயிருக்கேம்மா” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

எழுதிவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி. லிங்கன், நெப்ராஸ்கா

சோளக்காடு, சோளக்காடு, அறுத்துப்போட்ட சோளக்காடு. மரமே இல்லாத சமவெளியில் ஒன்றரை நாள் ஓட்டினார். ரேடியோ போடவில்லை.

வழியில் ஒரு ஓட்டலில் தங்கியபோது, குளியலறைக்குள் உட்கார்ந்து இந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தமிழில் எழுதி, பேனாவோடு சேர்த்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்குச் செலின் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் காரை நிறுத்தினார். என் போனை வாங்கி, தன் போனுக்கு அழைப்புப் போட்டு, அழைப்பைத் துண்டிக்காமல் என் கைப்பைக்குள் வைத்தார்.

“வழி தெரியாமப் போயிட்டீங்கன்னா? அதுக்குத்தானுங்க. சாரு எங்கேன்னு கேளுங்க. அழுங்க. பெத்தவங்க அழுதாச் சொல்லிருவா.”

மணியை அடித்தேன். செலின் திறந்தாள். இளைத்திருந்தாள். இரண்டு பிள்ளைகள் அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றன. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து, கதவைப் பாதி சாத்தினாள்.

“நீங்களா? யார் கூட வந்தீங்க ஆன்ட்டி?”

வாயில் விரலை வைத்தேன். பையைச் சுட்டிக் காட்டினேன். தாளை நீட்டினேன்.

அதில் எழுதியிருந்தது: “போனில் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாரு எங்கே என்று எனக்குச் சொல்லாதே. நாளைக்கு ஆட்டத்துக்குக் கூட்டிப்போகிறார். என்னை அங்கிருந்து கூட்டிப்போக முடியுமா?”

“சாரு எங்கே கண்ணு?” என்று சத்தமாகக் கேட்டேன். “பெத்த வயிறு தாங்கல. சொல்லு சாமி.” அழச் சொல்லியிருந்தார். அதற்குச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

“எனக்குத் தெரியாது ஆன்ட்டி. இங்க வரல. கிளம்புங்க, ப்ளீஸ்” என்று கோபக் குரலில் சொல்லிக்கொண்டே என் பேனாவை வாங்கிக் கதவின் மேல் தாளை வைத்து எழுதினாள். நான் அழுதுகொண்டே படித்தேன்.

“சாரு உயிரோட இருக்கா. ஆகஸ்ட்லயே தப்பிச்சுட்டா, போனை வீட்லயே விட்டுட்டுப் போயிட்டா. நாளைக்கு ரெண்டாவது பாகம் முடியறப்ப பாத்ரூம் போங்க. போன அங்கயே விட்டுட்டு வடக்கு வாசலுக்கு வாங்க.”

‘உயிரோட’ என்ற அந்தச் சொல்லைப் படித்த பிறகுதான், ஒன்றரை மாதமாக எதைப் பயந்துகொண்டு நான் சாம்பாரும் ரசமும் வைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரிந்தது.

அப்போதே என்னை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டிருப்பாள். அவள் கையும் நீண்டது. நான்தான் தலையை ஆட்டி மறுத்தேன். உள்ளே இரண்டு பிள்ளைகள். மூன்று வீடு தள்ளி அவர். தாழ் போட்ட கதவு அவருக்குப் பெரிய காரியமில்லை.

காருக்குத் திரும்பினேன். பெல்ட்டைப் போட்டுவிட்டார்.

“அவ பொய் சொல்றாளுங்கத்தை” என்றார் மெதுவாக. “பரவால்ல. நாளைக்குப் படத்தைப் போட்டா, லிங்கன்ல அம்மா இருக்காங்கன்னு செலினே சாருவுக்குச் சொல்லீருவா. இந்தத் தடவை வந்துருவா.”

அக்டோபர் 26, சனி. லிங்கன்

இதை எழுதும் இடம் பாதுகாப்பான இடம். எங்கே என்று எழுதவில்லை.

இந்த ஊரிலும் சிவப்பு. தொண்ணூறாயிரம் பேர் ஒரே சிவப்பு. ஊரே மைதானத்துக்குள் வந்துவிட்டதால், பிறகு இங்கே வரும் வழியில் தெருக்களில் ஒரு ஆள் இல்லை. கடைகள் திறந்து கிடக்கின்றன, உள்ளே யாரும் இல்லை. விளக்குக் கம்பம் மட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று யாருக்கோ மாறிக்கொண்டிருந்தது.

எனக்கும் சிவப்பு பனியன், சிவப்புத் தொப்பி. நடுவில் காலியான இடம். ஸ்வெட்டர். படம். “சிரிங்கத்தை.” சிரித்தேன்.

இரண்டாவது பாகம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது பாத்ரூம் போக வேண்டும் என்றேன். கூடவே வந்தார். போனைப் பழையபடி அழைப்புப் போட்டுப் பைக்குள் வைத்தார். பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. நுழைவாயிலுக்கு நேரே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

உள்ளே போனேன். கை கழுவும் தொட்டியின் ஓரத்தில் போனை வைத்தேன். தண்ணீர்ச் சத்தமும் பெண்கள் பேச்சும் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினேன். பக்கத்தில் கை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளின் கோட் நீளமாக இருந்தது. அவரைப் போனிலிருந்து தள்ளிக் கூட்டிப்போய்க் காதோடு, “உதவி செய்யுங்கள், வெளியே ஒரு ஆள், அவன் பார்க்காமல் நான் போக வேண்டும்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஒரு கேள்வி கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தி, தன் மகள்கள் இருவரையும் கூப்பிட்டு, மூன்று பேருமாக என்னை நடுவில் வைத்து, வெளியேறும் பக்க வழியாகக் கூட்டிப்போனார்கள்.

அவரைத் தாண்டித்தான் போனோம். ஏழெட்டு அடி. காதில் போனை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஏதோ அடித்துவிட்டார்கள் போல, மைதானம் முழுக்க ஒரு கர்ஜனை எழுந்தது. அவர் கண்ணைத் திறந்தார். எங்கள் பக்கம்தான் பார்த்தார். எதிரில் நூறு சிவப்புத் தொப்பி. அதில் நான் எது என்று அவருக்குத் தெரியவில்லை.

வடக்கு வாசலில் செலினும் அவள் கணவரும் ஒரு பெண் போலீசும் நின்றிருந்தார்கள். கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மாள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போலீசார் போய்த் தேடியபோது, அவர் எங்கள் இருக்கைக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாராம். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் போகவில்லையாம். பக்கத்து இடத்தில் சாருவின் ஸ்வெட்டர், அதற்கடுத்த இடத்தில் என் தண்ணீர் பாட்டில். “இருவரும் வந்துகொண்டிருக்கிறார்கள்” என்று அவர்களிடம் மரியாதையாகச் சொன்னாராம். சாருவின் பழைய போன் அவர் பையில் இருந்தது.

சாருவைத் தேடவோ நெருங்கவோ கூடாது என்று ஆகஸ்டிலேயே கோர்ட் உத்தரவு இருக்கிறதாம். விசாரணை நடக்கும் என்கிறார்கள். எத்தனை நாள் உள்ளே வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் போலீஸ் தன் போன் எண்ணை எழுதி என் கையில் கொடுத்தார்.

நவம்பர் 2, சனி

திங்கட்கிழமை எனக்கு விமானம்.

இன்று மத்தியானம் செலின் தன் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். திரையில் எண் இல்லை.

மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

“அம்மா.”

“சொல்லு கண்ணு.”

“படமெல்லாம் பாத்தேன். ஒவ்வொரு படமும். நீ கையாட்டுன பாரு... அன்னைக்கு வந்தர்றதாத்தான் இருந்தேன். பையெல்லாம் எடுத்துட்டேன்.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“ஒன்னு கேக்கறேன். நீ என்னைத் தேடி வந்தியா, அவன் கூட வந்தியா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏற்றுக்கொண்டிருப்பாள்.

“உன்னைப் பாக்கத்தான் வந்தேன். ஆனா அவன் கூடத்தான் வந்தேன், சாரு. ஒரு மாசத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் அவனுக்குத் தோசைக்குப் போட்டேன்.”

அந்தப் பக்கம் அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“அம்மா, நான் இப்ப எங்க இருக்கேன்னா...”

“வேண்டா.” எனக்கே என் குரல் கடுமையாகக் கேட்டது. “சொல்லாத. எனக்குத் தெரிய வேண்டா. யாராச்சும் அழுதுட்டு வந்து கேட்டா நான் சொல்லீருவேன். நான் அப்படிப்பட்டவதான். எனக்குச் சொல்லாத.”

“சரிம்மா.”

“சாப்பிட்டியா?”

“நீ சாப்பிட்டியா?” என்றாள். நீ என்றுதான் சொன்னாள்.

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அவளுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே எங்கோ தூரத்தில், ஒரு பெருங்கூட்டம் ஒரே குரலாக எழுந்து அடங்கியது. சனிக்கிழமை மத்தியானம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அவளும் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டதை அவள் உணர்ந்திருக்கவும் வேண்டும். ஜன்னலைச் சாத்தும் சத்தம் வந்தது.

“ஒன்னும் கேக்கலயே?” என்றாள்.

“ஒன்னும் கேக்கல” என்றேன்.